காசு இருக்கு, ஆள் இல்லை: ஒரு ரோமானிய கேம்பெய்னும் பன்னிரண்டு ஊர்களும்

இந்த வார எபிசோட் ஒரு கேமைப் பத்தி. ஆனா இது கேம் ரிவ்யூ இல்ல, வரலாறு.

'டோட்டல் வார்: ரோம் 2' 2013-ல வந்த கேம். இத்தனை வருஷம் கழிச்சும் அதை ஆட ஆள் இருக்குன்னா, அதுக்கு ஒரு பெரிய காரணம் 'டிவைட் எட் இம்பெரா' என்கிற மாட். ரசிகர்கள் சேர்ந்து உருவாக்கி இலவசமாகக் கொடுத்தது. லத்தீன்ல அந்தப் பேருக்குப் 'பிரித்து ஆள்' என்று அர்த்தம். கடைசியில இந்தப் பேருக்குத் திரும்ப வருவோம். நான் இப்போ அந்த மாட்ல ரோம் பக்கம் ஒரு கேம்பெய்ன் ஆடிட்டு இருக்கேன். அதுல எழுந்த கேள்விதான் இன்னைக்கு டாபிக்: ஹன்னிபால்கிட்ட அத்தனை அடி வாங்கியும் ரோம் ஏன் விழவில்லை?

கேம்பெய்ன் கி.மு. 272-ல தொடங்குது. சும்மா எடுத்த வருஷம் இல்ல அது. அதுக்கு எட்டு வருஷம் முன்னாடி, கி.மு. 280-ல, எபிரஸ் நாட்டு மன்னன் பிர்ரஸ் இருபத்தஞ்சாயிரம் பேரோடயும் 20 யானைகளோடயும் இத்தாலியில இறங்கினான். ஹெராக்ளியாவில் ஜெயிச்சான். அடுத்த வருஷம் அஸ்குலத்தில் ஜெயிச்சான். ஆனா ஒவ்வொரு வெற்றிக்கு அப்புறமும் அவன் படை சுருங்கிக்கிட்டே போச்சு. கடல் கடந்து வந்தவனுக்கு செத்தவங்க இடத்துக்கு ஆள் கிடைக்கலை. தோற்ற ரோமானியர்களுக்குக் கிடைச்சுது. கி.மு. 275-ல அவன் இத்தாலியை விட்டே கிளம்பினான். 272-ல ஆர்கோஸ் நகரத் தெருச் சண்டையில செத்தான். அதே வருஷம் தாரெந்தம் நகரமும் ரோமிடம் சரணடைஞ்சுது. நம்ம முதல் டர்ன் அங்கதான் ஆரம்பிக்குது.

ஒரிஜினல் கேம்ல படை சேர்க்கணும்னா காசு இருந்தா போதும். இந்த மாட்ல அப்படி இல்ல. ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் மக்கள்தொகை உண்டு, அது நாலு வகுப்பாப் பிரிஞ்சிருக்கும். குதிரைப்படை வேணுமா, மேல்வகுப்புல ஆள் இருக்கணும். ஹஸ்தாத்தி, பிரின்கிபெஸ் மாதிரி லீஜியனோட முதுகெலும்பு வேணுமா, சொந்தமா ஆயுதம் வாங்குற அளவுக்கு வசதி இருக்கிற குடிமக்கள் இருக்கணும். வெளியூர்க்காரங்களுக்குத் தனி வகுப்பு. சண்டையில செத்த ஆள் அந்தக் கணக்குல திரும்ப வர்றதில்ல. ஊர்ல பிள்ளைகள் பிறந்து வளர்ற வேகத்துலதான் அந்த எண் ஏறும்.

என் கேம்பெய்ன்ல சிசிலியில கார்த்தேஜோட மோதல். அவங்களோட ரெண்டு படை ஒண்ணா வந்து மேல விழுந்து, என் முழு ஆர்மி ஒண்ணு காலி. கஜானா நிறைய காசு. ரெக்ரூட் பண்ணப் போனா லீஜியன் படைகள் எல்லாம் சாம்பல் நிறம். பக்கத்துல ஒரே ஒரு காரணம்: ஆள் இல்லை. அடுத்த சில வருஷத்துக்கு நான் செஞ்ச ஒரே வேலை எண்ட் டர்ன் பட்டனை அழுத்தினதுதான்.

இதை வச்சு நிஜ வரலாற்றைப் பார்த்தா தலை சுத்தும். கி.மு. 218-ல ஹன்னிபால் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள்ள வர்றான். அவனே ஒரு வெண்கலப் பலகையில பொறிச்சு வச்ச கணக்கைப் பார்த்ததா பாலிபியஸ் எழுதுறார்: காலாட்படை 20,000, குதிரைப்படை 6,000. அந்தப் படை அதே வருஷம் ட்ரெபியாவில் ஜெயிக்குது. 217-ல ட்ராசிமீன் ஏரிக்கரையில சுமார் 15,000 ரோமானிய வீரர்கள் சாகுறாங்க. 216-ல கன்னே. அந்த ஒரு நாள்ல செத்தவங்க லிவியின் கணக்குப்படி சுமார் 48,000, பாலிபியஸ் கணக்குப்படி 70,000-ஐ ஒட்டி. குறைஞ்ச எண்ணையே எடுத்துக்குவோம். அன்னைக்கு ஒரு லீஜியன்ல சராசரியா நாலாயிரத்துச் சொச்சம் காலாட்கள். நீங்களே வகுத்துப் பாருங்க.

கன்னேவுக்கு அப்புறம் ரோம் 8,000 அடிமைகளை அரசுப் பணத்துல விலைக்கு வாங்கிப் படையில சேர்த்துச்சு. கடனாளிகளையும் கைதிகளையும் விடுவிச்சு ஆயுதம் கொடுத்துச்சு. சில வருஷத்துலயே இருபதுக்கும் மேற்பட்ட லீஜியன்கள் களத்துல நிக்குது. எப்படி?

பதில் பாலிபியஸ் கொடுக்கிற இன்னொரு எண்ணுல இருக்கு. கி.மு. 225-ல, கால் படையெடுப்பு பயத்துல, ரோம் இத்தாலி முழுக்க ஆயுதம் தூக்கக்கூடிய ஆண்களோட பட்டியலைக் கேட்டு வாங்கிச்சு. மொத்தம் 7,00,000 காலாட்கள், 70,000 குதிரை வீரர்கள். இதுல ரோமானியக் குடிமக்களும் கம்பானியர்களும் சேர்ந்தே சுமார் 2,73,000 பேர்தான். மீதி எல்லாம் கூட்டாளிகள், அதாவது லத்தீன் ஊர்களும் மற்ற இத்தாலிய இனங்களும்.

ரோம் ஒரு ஊரை ஜெயிச்சா வழக்கமா வருஷா வருஷம் கப்பம் கேட்கிறதில்ல. உங்க சட்டம், உங்க நிர்வாகம் உங்களோடயே இருக்கட்டும், போர் வந்தா ஆள் மட்டும் அனுப்புங்கன்னு சொல்லும். கூட்டாளி அனுப்புற படைக்குச் சம்பளம் அந்த ஊரே கொடுக்கணும். ரோமுக்கு இதுல ஒரு கட்டாயமும் உண்டு. கப்பத்தைப் பெட்டியில போட்டு வைக்கலாம், ஆளை அப்படி வைக்க முடியாது. கூட்டணியோட பலன் போர் நடந்தாத்தான் கைக்கு வரும்.

கேம் மேப்ல இது தெரியாது. ஒரு நகரத்தைப் பிடிச்ச உடனே அது உங்க கலருக்கு மாறிடும். நிஜ இத்தாலி ஒட்டுப்போட்ட துணி மாதிரி. முழுக் குடியுரிமை ஊர், ஓட்டு இல்லாத குடியுரிமை ஊர், லத்தீன் காலனி, ஒப்பந்தக் கூட்டாளின்னு பல ரகம். ஒவ்வொரு ஊருக்கும் ரோமோட தனித்தனி உறவு. இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு நெட்வொர்க்ஸ் பேப்பர்ல வந்த ஸ்டார் டோபாலஜி ஞாபகம் வரும். நடுவுல ஒரு ஹப், சுத்தி நோடுகள்.

'ஹன்னிபால் ஏன் கன்னே முடிஞ்ச கையோட ரோமுக்குப் போகலை?'ன்னு எல்லாரும் கேட்பாங்க. அவன் பிடிக்கிற கைதிகளை என்ன செய்யுறான்னு பாருங்க. ரோமானியர்களை அடைச்சு வைக்கிறான். கூட்டாளி ஊர்க்காரங்களைப் பணம் வாங்காம வீட்டுக்கு அனுப்புறான், 'என் சண்டை உங்களோட இல்ல'ன்னு சொல்லி. அவன் அடிச்சது சர்வரை இல்ல, கனெக்‌ஷனை. பாதி வேலை செய்யவும் செஞ்சுது. இத்தாலியோட பெரிய நகரங்கள்ல ஒண்ணான காப்புவா அவன் பக்கம் போச்சு. தெற்கே பல ஊர்கள் போச்சு. ஆனா லத்தீன் காலனிகள் அசையலை.

இப்போ நான் இந்த எபிசோடைப் பண்ணதுக்கான காரணத்துக்கு வர்றேன். கி.மு. 209. போர் தொடங்கிப் பத்தாவது வருஷம். லத்தீன் காலனிகள் மொத்தம் 30. அதுல அர்தேயா, சூத்ரியம், காலெஸ், நார்னியா உள்ளிட்ட 12 ஊர்களோட பிரதிநிதிகள் ரோமுக்கு வந்து கன்சல்கள்கிட்ட நேருக்கு நேர் சொன்னாங்க: எங்ககிட்ட இனி ஆளும் இல்ல, பணமும் இல்ல. இதுக்குப் பின்னாடி ஒரு புகைச்சல் இருந்ததா லிவி சொல்றார். கன்னேயில உயிர் தப்பினவங்களைத் தோற்றதுக்குத் தண்டனையா ரோம் சிசிலிக்கு அனுப்பிடுச்சு, போர் முடியற வரைக்கும் ஊர் திரும்பக் கூடாதுன்னு. அங்க அனுப்பப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்க லத்தீன்களும் கூட்டாளிகளும். போன பிள்ளைகள் வீட்டுக்கு வரலை, இன்னும் பிள்ளைகளை அனுப்புங்கன்னா எந்த ஊரும் என்ன சொல்லும்?

மிச்சம் 18 ஊர்கள் தொடர்ந்து ஆள் தருவோம்னு வந்து நின்னுச்சு. அவங்க சார்பா பேசினவர் ஃப்ரெகெல்லே ஊரைச் சேர்ந்த மார்கஸ் செக்ஸ்டிலியஸ். ரோமானிய அரசு அன்னைக்குப் பிழைச்சது அந்த 18 ஊர்களாலதான்னு லிவியே ஒத்துக்கிறார்.

அஞ்சு வருஷம் கழிச்சு, 204-ல, ஹன்னிபால் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்ட பிறகு, செனட் அந்த 12 ஊர்களோட கணக்கை எடுத்துச்சு. ஒவ்வொரு ஊரும் போர்க்காலத்துல அதிகபட்சமா எத்தனை காலாட்கள் கொடுத்துதோ அதைப் போல ரெண்டு மடங்கு, கூடவே 120 குதிரை வீரர்கள். ஆள் இல்லைன்னு சொன்ன ஊர்கள்ல தேடிப் பிடிச்சு வாங்கினாங்க.

அந்த 12 ஊர்தான் கெட்டவங்க, 18 ஊர் நல்லவங்கன்னு நினைச்சா ஃப்ரெகெல்லே கதையையும் கேட்கணும். கி.மு. 125-ல கூட்டாளிகளுக்குக் குடியுரிமை கொடுக்கலாம்னு ஃபுல்வியஸ் ஃப்ளாக்கஸ் என்கிற கன்சல் முன்வச்ச திட்டம் நிறைவேறலை. அதே வருஷம் ஃப்ரெகெல்லே கிளர்ந்தெழுந்துச்சு. லூசியஸ் ஒபிமியஸ் தலைமையில போன ரோமானியப் படை அந்த ஊரையே அழிச்சுது. 209-ல ரோமுக்காக எழுந்து பேசின ஊர் அது. கி.மு. 91-ல இத்தாலியக் கூட்டாளிகள் பலர் ஒண்ணு சேர்ந்து ரோம் மேலயே போர் தொடுத்தாங்க. அந்த அடி விழுந்த பிறகுதான், 90-ல, விசுவாசமா இருந்த கூட்டாளிகளுக்குக் குடியுரிமை கொடுக்கிற சட்டம் வந்துச்சு. ரெண்டாம் பியூனிக் போர் முடிஞ்சு நூறு வருஷத்துக்கு மேல ஆகியிருந்துச்சு.

அப்போ ரோம் ஏன் விழவில்லை? ஸ்கிப்பியோவோட திறமை உண்டு, ஃபேபியஸோட பொறுமை உண்டு, மறுக்கலை. ஆனா அவங்க ரெண்டு பேருக்கும் கையில எடுக்க ஒரு படை இருந்ததே அந்த ஊர்கள் பத்து வருஷம் பிள்ளைகளை அனுப்பினதாலதான். ரோம் அதை நன்றியா எழுதிக்கலை, கையிருப்பா எழுதிக்கிச்சு.

ஐடியில வேலை பார்க்கிறவங்களுக்கு இது புதுசு இல்ல. நம்ம மீட்டிங்ல மனுஷங்களுக்கு 'ரிசோர்ஸ்'னு பேரு. ரெண்டு ரிசோர்ஸ் இங்கிருந்து எடுத்து அங்க போடுங்கன்னு சொல்வோம். ஷீட்டுல எண் சரியா வந்துரும். அந்த ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேச ஷீட்டுல எடமே இருக்காது.

இந்த மாட் செஞ்ச பெரிய நல்ல காரியம், படைக்குக் காசு மட்டும் போதாது, ஆள் வேணும்னு காட்டினது. நான் படிச்ச எந்தப் பாடப்புத்தகமும் அதை இவ்வளவு தெளிவா சொல்லலை. அதால காட்ட முடியாதது ஒண்ணு இருக்கு. கேம்ல ஆள் தீர்ந்தா பட்டன் சாம்பல் ஆகும், அவ்வளவுதான். ஆள் இருக்கு ஆனா தரமாட்டோம்னு ஒரு ஊர் உங்க முன்னாடி வந்து நிக்கிறதுக்கு அங்க பட்டன் கிடையாது. ஸ்டார் டோபாலஜியில நோடுகள் தங்களுக்குள்ள நேரடியாப் பேசிக்காது, பிரித்து ஆள்றதோட ரகசியமே அதான். கி.மு. 209-ல 12 நோடுகள் பேசிக்கிச்சு.

அடுத்த தடவை ரோம் எடுத்து ஆடும்போது, ரெக்ரூட் பண்றதுக்கு முன்னாடி அந்த மக்கள்தொகை டேபை ஒரு தடவை திறந்து பாருங்க. எந்த ஊர்ல இருந்து எத்தனை பேரை எடுக்கிறீங்கன்னு கவனிங்க. உங்க கேம்பெய்ன்ல முதல்ல ஆள் தீர்ந்து போன ஊர் எதுன்னு எனக்கு எழுதி அனுப்புங்க, அந்த ஊரோட நிஜ வரலாற்றை ஒரு எபிசோட்ல பேசுவோம். அடுத்த வாரம் சந்திக்கலாம்.