வரகூர் போன வழி

1996, 1999, 2004 தேர்தல்களில் ஆ. ராசா வென்ற பெரம்பலூர், மக்களவைத் தனித்தொகுதி. 2008 மறுசீரமைப்பில் அது பொதுவானது. 2009இல் அவர் நீலகிரிக்குப் போனார். வரகூர் என்ற சட்டமன்றத் தனித்தொகுதியோ வரைபடத்திலிருந்தே மறைந்தது. யாரும் தடியெடுக்கவில்லை, கோடுதான் நகர்ந்தது.

அந்தக் கோட்டை வரைந்தது மத்திய ஆணையம். ஊராட்சித் தலைவர் பதவிகளின் ஒதுக்கீடு, 1994 ஊராட்சிகள் சட்டப்படி, மாநில அரசின் கையில். ஒதுக்கினால் போதுமா? மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் பத்தாண்டுகள் தலித் தலைவர் நாற்காலியில் நிலைக்க ஆதிக்க சாதியினர் விடவில்லை. 2006 அக்டோபரில் அரசு முனைந்தது, தேர்தல் நடந்தது. அதிகாரிகளும் காவலர்களும் அதற்கு முன்பும் இருந்தார்கள்தானே!

பெரம்பலூர், அரியலூர் ஊராட்சிகளுக்கு அடுத்த சுழற்சிப் பட்டியல் வரும்போது, நம் மாணவர்கள் அதை மக்கள்தொகைக் கணக்கோடு ஊர்வாரியாகச் சரிபார்க்க வேண்டும்.