புழுங்கலரிசியும் புறநரம்பு நோயும்: மலாயாவில் ஒரு சிகிச்சைத் தேர்வின் வரலாறு

முன்னுரை

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் தோட்டப்புற வாழ்வைப் பற்றிப் பேசுகையில் மலேரியாக் காய்ச்சலையும் கொக்கிப்புழு நோயையும் தவறாது குறிப்பிடுவர். பெரிபெரி நோயைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்நாட்டின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் சீனத் தொழிலாளர்களைப் பெருந்தொகையாக வீழ்த்திய இந்நோய், தமிழரை அரிதாகவே தீண்டியது. தீண்டாத நோய்க்கு வரலாறு எழுதும் தேவை எழவில்லை போலும். ஆயினும், தமிழரை அது ஏன் தீண்டவில்லை என்னும் வினாவே இந்நோயின் மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தியது.

புறநரம்புகளைத் தாக்கி வலியையும் முடக்கத்தையும் தந்த ஒரு நோய்க்குப் பல சிகிச்சைகள் முன்வைக்கப்பட்டபோது, அவற்றுள் சரியானது எவ்வாறு தெரிவு செய்யப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அத்தெரிவில் தமிழரின் புழுங்கலரிசி பெற்ற இடத்தையும், அதனை முன்னிட்டு இன்று நாம் கொள்ளும் பெருமிதம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையும் சேர்த்து நோக்குகிறது.

நோயின் இயல்பு

பெரிபெரி இரு வடிவங்களில் தோன்றும். ஒன்றில் உடல் வீங்கி, இதயம் தளர்ந்து, நோயாளி சில நாள்களிலேயே இறக்கக்கூடும். மற்றொன்றில் புறநரம்புகள் பழுதடையும். பாதங்கள் மரத்துப்போகும், எரியும். கெண்டைக்காலை இலேசாக அழுத்தினாலும் நோயாளி வலியால் துடிப்பார். நாளடைவில் பாதம் தொங்கிப்போய், குந்தி அமர்ந்தவர் எழ இயலாத நிலை வரும். மண்வெட்டியும் கூடையுமே பிழைப்பாகக் கொண்ட சுரங்கத் தொழிலாளிக்குக் கால் போவதென்பது வாழ்வே போவதற்கு ஒப்பானது.

இதன் காரணம் இன்று ஐயத்திற்கு இடமின்றித் தெரியும். மாவுச்சத்தை ஆற்றலாக மாற்றுவதற்கு நரம்பணுக்களுக்குத் தையமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 இன்றியமையாதது. உடலில் அதன் இருப்பு சில வாரங்களுக்கே போதும். நெல்லில் இச்சத்து தவிட்டுப் படலத்திலும் முளைப்பகுதியிலும் மிகுதியாக உள்ளது. ஆலையில் வெண்மையாகத் தீட்டப்பட்ட அரிசி அதனைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது.

போட்டியிட்ட கொள்கைகள்

அக்கால மருத்துவர்களுக்கு இவ்விளக்கம் கிட்டவில்லை. அவர்கள் முன் குறைந்தது மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, அறிகுறிகளுக்கு மருந்தளிப்பது. தளர்ந்த இதயத்திற்கு டிஜிட்டாலிஸும், தளர்ந்த நரம்பிற்கு ஸ்ட்ரிக்னினும், வீக்கத்திற்குப் பேதி மருந்தும் தரப்பட்டன. இரண்டாவது, நோயாளியை இடம் மாற்றுவது. நோய்க்கிருமி அல்லது அதன் நஞ்சு மண்ணிலும் கட்டடத்திலும் தங்கியிருக்கிறது என்று வெப்பமண்டல மருத்துவத்தில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த பேட்ரிக் மேன்சன் கருதினார். 1900ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநரான ஹேமில்டன் ரைட்டும் இதனைத் தொற்றுநோயாகவே கொண்டார். மூன்றாவது வழி உணவை மாற்றுவது. மூன்றிலும் மிக எளியதாகத் தோன்றியதாலோ என்னவோ, மலாயாவில் மிகுதியான எதிர்ப்பைச் சந்தித்தது இதுவே.

உணவுக் கொள்கைக்குச் சான்றுகள் இல்லாமலில்லை. ஜப்பானியக் கடற்படையின் ரியூஜோ கப்பல் 1882-83இல் மேற்கொண்ட பயணத்தில் 376 பேரில் 169 பேர் பெரிபெரியால் பாதிக்கப்பட்டு 25 பேர் இறந்தனர். கடற்படை மருத்துவர் தகாகி கனெஹிரோ உணவுப் பட்டியலை மாற்றியமைத்து, 1884இல் சுகுபா கப்பலை அதே வழியில் அனுப்பச் செய்தார், எவரும் இறக்கவில்லை. பத்தாவியாவில் எய்க்மன் தீட்டிய அரிசி உண்ட கோழிகளுக்கு நரம்பு நோய் வருவதைக் கண்டார். ஃபோர்டர்மன் ஜாவாவின் நூற்றுக்கு மேற்பட்ட சிறைகளின் பதிவுகளை ஒப்பிட்டு, அரிசியின் வகைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை 1897இல் வெளியிட்டார். எனினும் கிருமியியல் வெற்றிமேல் வெற்றி பெற்றுவந்த அந்நாளில், இல்லாத ஒரு பொருள் நோயை உண்டாக்கும் என்பதை ஏற்க மருத்துவ உலகம் ஆயத்தமாக இல்லை.

பிராடனின் ஒப்பீடு

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் லியோனார்ட் பிராடன், ஒரே மண்ணில், ஒரே மழையில், ஒரே கொசுக்கடியில் வாழ்ந்த மூவினத்தாரை ஒப்பிட்டார். கம்பத்து மலாய்க்காரர் தம் நெல்லை அவ்வப்போது உரலில் குத்தி உண்டனர். தமிழர் புழுங்கலரிசியை உண்டனர். சீனத் தொழிலாளர் சயாம் போன்ற நாடுகளின் ஆலைகளில் தீட்டி, மூட்டையாக வந்து, கிடங்கில் நாள்பட்டுக் கிடந்த வெள்ளை அரிசியை உண்டனர். நோய் மூன்றாம் பிரிவினரையே நாடிச் சென்றது. இடமே காரணம் எனில் அது மூவரையும் தாக்கியிருக்க வேண்டும்.

பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் தம் முடிவை விரித்துரைத்தார். நாள்பட்ட வெள்ளை அரிசியில் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகிறது என்பது அவருடைய விளக்கம். இவ்விளக்கம் பிழையானது. ஆனால் அதிலிருந்து அவர் பெற்ற அறிவுரை, அதாவது வெள்ளை அரிசியை விடுத்துப் புழுங்கலரிசியைக் கொடுங்கள் என்பது, சரியானது. சரியான சிகிச்சை சரியான விளக்கத்திற்கு முன்பே வந்துசேரக்கூடும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இது ஒரு தெளிவான சான்று.

கோலாலம்பூரும் ஜெலுபுவும்

பிராடனின் ஒப்பீட்டில் ஒரு குறை இருந்தது. மூவினத்தாரும் அரிசியில் மட்டும் வேறுபடவில்லை. தொழில், குடியிருப்பு, பழக்கவழக்கம் அனைத்திலும் வேறுபட்டனர். இக்குறையை நீக்க முற்பட்டவர் வில்லியம் ஃபிளெட்சர். அவர் தொடக்கத்தில் அரிசிக் கொள்கையை ஏற்காதவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இருந்தோரை அவர் வரிசையாக நிறுத்தி எண்ணிடச் செய்தார். ஒற்றை எண்ணினர் ஒரு பகுதியில் தங்கிச் சயாம் வெள்ளை அரிசியை உண்டனர். இரட்டை எண்ணினர் மறு பகுதியில் தங்கி இந்தியப் புழுங்கலரிசியை உண்டனர். மற்ற உணவு இருசாராருக்கும் ஒன்றே. இடத்தின் பங்கை அறிய இரு குழுவினரின் தங்குமிடங்களும் பின்னர் மாற்றப்பட்டன.

வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் எவரும் அந்நோயால் இறக்கவில்லை; நோய் கண்ட இருவரும் விடுதிக்கு வரும்போதே அதனைக் கொண்டிருந்தவர்கள். நோய் அரிசியைப் பின்தொடர்ந்ததே அன்றி இடத்தைப் பின்தொடரவில்லை. ஆயினும் ஃபிளெட்சர் 1907இல் தம் அறிக்கையை வெளியிட்டபோது, நஞ்சா குறைபாடா என்பதை அறுதியிட்டுக் கூறாமல் அடக்கத்துடன் முடித்தார்.

அடுத்து, மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் ஆம்புரோஸ் ஸ்டேன்டனும் ஜெலுபுப் பகுதிக் காட்டில் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு முகாம்களாகப் பிரித்து ஆராய்ந்தனர். ஏறத்தாழ மூன்று மாதங்களில் வெள்ளை அரிசி முகாமில் நோய் தோன்றியது. அரிசியை நிறுத்தியதும் நோயும் நின்றது. பின்னர் மறு முகாமினருக்கு வெள்ளை அரிசி தரப்பட, நோய் அங்கே தோன்றியது. 1909இல் இம்முடிவுகள் வெளிவந்தன. 1910இல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவச் சங்கத்தின் மாநாடு, வெள்ளை அரிசியையே முதன்மை உணவாகத் தொடர்ந்து உண்பது பெரிபெரிக்குக் காரணம் எனத் தீர்மானித்தது. 1926இல் ஜேன்சனும் டோனத்தும் பத்தாவியாவில் தையமினைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதனைச் செயற்கையாக உருவாக்கினார். எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. மலாயாவில் வரிசையில் நின்ற ஒற்றை எண்ணினரின் பெயர்கள் இவ்வரலாற்றில் இடம்பெறவில்லை.

முன்னோர் அறிவு என்னும் வாதம்

இவ்வரலாற்றை வகுப்பறையில் கூறும்போதெல்லாம், நம் முன்னோர் உயிர்ச்சத்தை அன்றே அறிந்திருந்தனர் என்று மாணவர் சிலர் மகிழ்வதைக் கண்டிருக்கிறேன். அம்மகிழ்ச்சி இயல்பானதே. ஆயினும் ஆசிரியர் அதனைத் திருத்த வேண்டியவராகிறார்.

நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்தும் முறைக்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. உமி எளிதில் நீங்கும்; குத்தும்போது அரிசி உடைவது குறையும்; பூச்சி எளிதில் அண்டாது. அவிக்கும்போது தவிட்டிலுள்ள தையமின் அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவித் தங்கிவிடுகிறது என்பது எவரும் எண்ணிப் பாராத பயன். பொங்கலுக்கும் படையலுக்கும் பச்சரிசியையே மேன்மையாகக் கருதியதும் நம் மரபுதான். உரலில் குத்திய பச்சரிசியில் தவிடு ஓரளவு எஞ்சியிருந்ததால் அதுவும் பெரிதும் தீங்கிழைக்கவில்லை. ஆனால் பழைய சென்னை மாகாணத்தின் வடபகுதிக் கடற்கரை மாவட்டங்களில், பச்சரிசி உண்ட மக்களிடையே பெரிபெரி நிலைகொண்டிருந்தது. சென்னை மாகாணப் படையினரிடையே கண்ட இந்நோயைப் பற்றி மால்கம்சன் 1835ஆம் ஆண்டிலேயே நூல் எழுதியுள்ளார். ஆகவே தமிழரைக் காத்தது இனமும் அன்று, மறைந்திருந்த மருத்துவ அறிவும் அன்று, ஒரு சமையற்பழக்கம். அப்பழக்கத்தின் பயனை அறிவாக மாற்றியது ஒப்பீடு. மரபைப் போற்றுவோர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணர்வது நலம்.

எரியும் பாதங்கள்

ஒரு கேள்விக்கு விடை கிடைத்தவுடன் அதனையே எல்லாவற்றிற்கும் விடையாகக் கொள்ளும் இடரும் உண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஜப்பானியரிடம் சிறைப்பட்ட போர்வீரர்களிடையே பெரிபெரியோடு மற்றொரு துன்பமும் பரவியது. இரவு வந்தால் பாதங்கள் தீயாய் எரிந்தன. உறக்கமின்றி எழுந்து அமர்ந்து கால்களைத் தேய்ப்பதும் குளிர்நீரில் அமிழ்த்துவதுமாக அவர்கள் இரவைக் கழித்தனர். இத்தகைய 500 நோயாளிகளைப் பற்றிக் குரூக்ஷாங்க் 1946இல் லான்செட் ஏட்டில் எழுதினார். தையமின் மட்டும் இவ்வெரிச்சலைத் தீர்க்கவில்லை.

அதே 1946இல், சேலத்தில் பிறந்தவரும் பிற்காலத்தில் இந்திய ஊட்டச்சத்து ஆய்வின் முன்னோடியாகப் போற்றப்பட்டவருமான சி. கோபாலன், எரிபாத நோயாளிகளுக்கு வெவ்வேறு உயிர்ச்சத்துகளைக் கொடுத்துப் பார்த்து, பேன்டோதெனிக் அமிலத்தால் தெளிவான பயன் கிடைத்ததாகப் பதிவு செய்தார். இந்நோய்க்கு அவருடைய பெயரும் இணைந்து வழங்குகிறது. எரிபாத நோய்க்குக் காரணங்கள் பல என்பது இன்றைய கருத்து. எனினும், நேற்று வென்ற மருந்தையே இன்றும் நம்பியிராமல் மீண்டும் ஒப்பிட்டுப் பார்த்த அவருடைய அணுகுமுறை ஃபிளெட்சரின் வழியில் வந்ததே.

முடிவுரை

இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர்களிடையே புறநரம்பு வலிக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று நீரிழிவு. அவ்வலிக்கு அமிட்ரிப்டிலின், டியூலொக்செடின், பிரிகேபலின் எனப் பல மருந்துகள் உள்ளன. ஐக்கிய இராச்சியத்தில் 130 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2022இல் வெளியான ஆய்வொன்று, இம்மருந்துகளை அடிப்படையாகக் கொண்ட மூன்று சிகிச்சை முறைகளை ஒரே நோயாளிக்கு மாற்றி மாற்றி அளித்து ஒப்பிட்டது. ஜெலுபுக் காட்டில் அரிசியை மாற்றிக் கொடுத்த முறையின் செம்மையான வளர்ச்சி எனலாம். வலியைக் குறைப்பதில் மூன்றும் ஏறத்தாழ ஒத்த பயனையே தந்தன, வேறுபட்டவை பக்கவிளைவுகள். ஒன்றில் வாய் உலர்வு, ஒன்றில் தலைசுற்றல், ஒன்றில் குமட்டல் மிகுதி.

அவ்வாறாயின் தெரிவு செய்ய வேண்டியவர் யார்? எந்தத் துன்பத்தைத் தம்மால் தாங்க இயலும் என்பதை அறிந்தவர் நோயாளியே. 1905இல் விடுதியில் எண்ணிடப்பட்டு நின்றோரிடம் அவ்வுரிமை இல்லை. இன்றைய ஆய்வறம் அத்தகைய சோதனைக்கு இடந்தராது. பெரிபெரியின் வரலாறு மற்றொன்றையும் நினைவூட்டுகிறது. வலிக்கு மருந்து தேடுமுன் உடலில் எது குறைகிறது என வினவ வேண்டும். நீரிழிவுக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் உட்கொள்வோர் சிலருக்கு உயிர்ச்சத்து பி12 குறைந்து, அதனாலும் நரம்பு பழுதடைவதுண்டு. எளிய குருதிச் சோதனையில் அது புலப்படும்.

மாநில மருத்துவர் ஒருவர் தம் நோயாளிகளின் சோற்றுத் தட்டை உற்று நோக்கியதில் இவ்வரலாறு திருப்பம் பெற்றது. அத்தட்டுகளுள் ஒன்று நம்முடையது. அதனைத் தமிழ் மாணவருக்குக் கற்பிக்கையில், தட்டில் இருந்ததைப் பற்றிய பெருமையோடு நின்றுவிடாமல், வெள்ளை அரிசி உண்டு இறந்த 18 பேரையும் நினைவுகூர்வது நம் கடன்.