அரக்கு முத்திரையும் அலைபேசிப் பூட்டும்

திருவனந்தபுரத்தினின்று நாகர்கோவில் செல்லும் பெருவழியில் நெய்யாற்றின்கரையும், அதனை அடுத்து எல்லையோரமாகப் பாறசாலையும் அமைந்துள்ளன. 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் தாலுக்காக்கள் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் பெண் கொடுத்தோரும் பாறசாலையில் பெண் எடுத்தோரும் ஒரே நாளில் இரு மாநிலத்தார் ஆயினர். அத்தகைய குடும்பங்களை இணைத்து வைத்தது கடிதம். அதனை அயலார் படித்துவிடாமல் காக்கும் முயற்சிகள் எவ்வாறு வளர்ந்தன என்பதை நாம் இங்கு ஒருவாறு ஆராய்வோம்.

பிற இடங்களில் தபால் என்று வழங்கிய காலத்தில், திருவாங்கூரில் அதற்கு அஞ்சல் என்றே பெயர். (இன்று தமிழகம் முழுவதும் அச்சொல்லையே எழுதுவது கண்டு எல்லையூரார் சற்றே பெருமை கொள்ளலாம்.) முதற்கண் அரசாங்கக் காகிதங்களைச் சுமக்கவே ஏற்பட்ட அவ்வஞ்சல், பின்னர்ப் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. 1888இல் சங்கு பொறித்த அஞ்சல்தலை வெளிவந்தது. 1951இல் அவ்விலாகா இந்தியத் தபால் இலாகாவோடு கலந்தது. மணி கட்டிய கோலேந்தி அஞ்சலோட்டக்காரர் ஓடிவருங்கால் வழிப்போக்கர் ஒதுங்கி நிற்பர். கடிதத்திற்குக் காப்பு அரக்கு முத்திரையே. அரக்கோ, உடைத்தவன் உடைத்தான் என்று காட்டுமேயன்றி, உடைப்பதைத் தடுக்க வல்லதன்று.

ஆகவே எழுத்தையே மறைக்கும் வழி ஒன்றும் இந்நாட்டில் நிலவிற்று. அதற்கு மூலபத்திரம் என்று பெயர். மார்த்தாண்டவர்மர் காலத்து ஒற்றர் அதனைக் கையாண்டனர் என்பர். பகைவருக்கு அஞ்சி அம்மன்னர் பலாமரப் பொந்தில் ஒளிந்தார் என்று கதை வழங்கும் நெய்யாற்றின்கரையில், இம்மறைமொழி பற்றிய பேச்சு பொருத்தமானதே. அம்முறையில் எழுத்துகள் இணை இணையாக இடம் மாறும். தகரத்திற்குப் பகரம், நகரத்திற்கு மகரம், லகரத்திற்கு ஸகரம். ‘தபால்’ என்பது ‘பதாஸ்’ ஆகிவிடும். இதே முறையைக் காமசூத்திரத்தின் உரையாசிரியர் யசோதரரும் மூலதேவீயம் என்ற பெயரால் விளக்கியுள்ளமையின் இது மிகப் பழையது என்பது தெளிவு. குறை யாதெனில், இணைகளை அறிந்த எவரும் எவருடைய கடிதத்தையும் படித்துவிடலாம்.

இனி அரசாங்கத்தின் கண். 1898ஆம் ஆண்டுத் தபாலாபீசுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பொது நெருக்கடியின்போதும் பொது அமைதியின் பொருட்டும் கடிதங்களை இடைமறிக்க அதிகாரம் தந்தது. அவ்வதிகாரத்தை மேலும் விரிக்கும் மசோதா 1986இல் பாராளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியும், குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. அது சட்டமாகவே இல்லை. ஒன்றும் செய்யாதிருந்தே ஒருவர் பெருநன்மை செய்தார் என்பது நம் கருத்து. 2017 ஆகஸ்டு 24ஆம் நாள், புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். எனினும் 2024 ஜூன் 18 முதல் நடப்பிலுள்ள புதிய தபாலாபீசுச் சட்டத்தின் 9ஆம் பிரிவிலும் இடைமறிக்கும் அதிகாரம் உண்டு.

இந்நிலையிற்றான் கணிப்பொறி அறிஞர் புதுப் பூட்டொன்றைத் தந்தனர். 1976இல் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் வெளியிட்ட கருத்து அதற்கு அடிகோலியது. திறந்த பூட்டுகளை ஊரெங்கும் கொடுத்துவிட்டுச் சாவியை மட்டும் ஒருவர் தம் மடியில் வைத்துக்கொள்வதாகக் கொள்வோம். எவரும் கடிதத்தைப் பெட்டியிலிட்டு அப்பூட்டை அமுக்கி அனுப்பலாம். திறக்க வல்லவர் சாவிக்காரர் ஒருவரே. சுமந்து செல்வோனும் திறக்க இயலாது. 1991இல் சிம்மர்மன் என்னும் அமெரிக்கர் இத்தகைய பூட்டைப் பி.ஜி.பி. என்னும் மென்பொருளாக்கி எல்லோர்க்கும் வழங்கினார். படைக்கலத்தை ஏற்றுமதி செய்தாரோ என்று அவர்மீது நடந்த விசாரணை 1996இல் கைவிடப்பட்டது. கடிதப் பூட்டைப் பீரங்கியோடு சேர்த்தெண்ணிய விந்தையை என்னென்பது! சிக்னல் என்னும் செயலியின் பூட்டுமுறையே 2016இல் வாட்ஸப்பிலும் முழுமையாக அமைந்தது. பாறசாலைத் தாய் வளைகுடா மைந்தனுக்கு அனுப்பும் குரற்செய்தி இன்று அப்பூட்டுக்குள்ளேயே செல்கிறது.

செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று காட்டவேண்டும் என்ற 2021ஆம் ஆண்டு விதியை எதிர்த்து வாட்ஸப் நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கிட்டது. பொய்ச்செய்தி பரப்பிக் கலகம் மூட்டுவோரைப் பிடிக்க வேண்டாவா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் ஒருவனுக்காகச் செய்யும் மாற்றுச்சாவி எல்லார் பெட்டிக்கும் பொருந்துமே என்பதுதான் நம் அச்சம்.

இப்பூட்டு உறையின் மேலுள்ள முகவரியை மறைப்பதன்று. யார் யாருக்கு எப்பொழுது எழுதினார் என்பது வெளியில் தெரியலாம். டெலிகிராமில் இரகசிய உரையாடலைத் தனியே தேர்ந்தாலன்றி இம்முழுப் பூட்டு அமையாது. பழைய குறுஞ்செய்தியோ வெறும் தபாலட்டை. வாட்ஸப்பின் காப்புப்பிரதிக்கும் பூட்டிடும் வசதி 2021இல் வந்தது. அதனைத் தாமே இயக்க வேண்டும். நம் காலனியில் அதனை இயக்காதோரின் கடிதங்களெல்லாம், பெட்டியில் பூட்டுண்டு சென்று, பின்னர்த் திண்ணையில் விரித்து வைக்கப்பட்டனவே ஆகும்.