மனச்சோர்வு: வேர்க் காரணங்களும் உடனடித் தூண்டுதல்களும்

மனச்சோர்வுக்கு ஆளானவரிடம் ‘உனக்கு என்ன குறை?’ என்று கேட்பவர்கள், அதற்கு ஒரே ஒரு காரணம் இருக்கும் என எதிர்பார்க்கின்றனர். மருத்துவ அறிவியல் அவ்வாறு ஒற்றைக் காரணம் எதையும் சுட்டுவதில்லை. நெடுங்காலமாக உள்ளிருக்கும் காரணங்கள் வேறு. நோயை வெளிக்கொணரும் தூண்டுதல்கள் வேறு.

தமிழ்ச் செய்திகளில் ‘ஸ்ட்ரெஸ்’, ‘டிப்ரஷன்’ இரண்டையுமே மன அழுத்தம் என எழுதும் வழக்கம் குழப்பத்தைக் கூட்டுகிறது. சுமை நீங்கினால் அழுத்தம் பெரும்பாலும் தணிந்துவிடும். மனச்சோர்வு அப்படியன்று. துயரமோ எதிலும் நாட்டமின்மையோ நாளின் பெரும்பகுதியில், குறைந்தது இரண்டு வாரங்கள் நீடித்து, தூக்கம், பசி, கவனம் ஆகியவையும் பாதிக்கப்பட்டால் அது நோயாகக் கருதப்படுகிறது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகம் உள்பட 12 மாநிலங்களில் 2015-16ஆம் ஆண்டில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வுக்கு ஆளாகியுள்ளார். பாதிக்கப்பட்டோரில் சுமார் 85 சதவீதத்தினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை.

மரபணுக்களுக்கு இதில் பங்குண்டு. எனினும், பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பதில்லை. இளம் வயதில் அனுபவித்த வன்முறை, புறக்கணிப்பு, பெற்றோரின் இழப்பு ஆகியவை பிற்காலத்தில் ஆபத்தை அதிகரிக்கின்றன. மூளையில் செரோடோனின் குறைவதே காரணம் என்ற பரவலான விளக்கத்திற்கு உறுதியான சான்று இல்லை என 2022-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று தெரிவித்தது. அதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது ஆபத்தானது.

சமூகக் காரணங்களுக்குக் கோவாவில் கிடைத்த சான்று கவனிக்கத்தக்கது. மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் அங்குள்ள தாய்மார்களிடம் ஆய்வு நடத்தி 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். மகப்பேற்றுக்குச் சில வாரங்களுக்குப் பின் அவர்களில் 23 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு இருந்தது. வறுமையும் கணவருடனான உறவில் விரிசலும் ஆபத்தைக் கூட்டின. பிறந்தது பெண் குழந்தை என்பதும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. ஹார்மோன் மாற்றம் எல்லாத் தாய்மார்களுக்கும் நேர்வதே. குழந்தையின் பாலினத்தைத் துயரமாக்குவதோ சுற்றியுள்ள குடும்பம்.

நெருங்கியவரின் மரணம், வேலையிழப்பு, கடன், மணமுறிவு, தேர்வுத் தோல்வி போன்றவை வழக்கமான தூண்டுதல்கள். முதன்முறை நோய் தோன்றப் பெரிய நிகழ்வு தேவைப்படலாம். அடுத்தடுத்த முறைகளில் சிறிய நிகழ்வே போதுமானதாகிவிடுவதுண்டு. ‘இதற்கெல்லாமா?’ என்று வியப்பவர்கள் அறியாதது இதுவே. துயரை மறக்க அருந்தும் மது நோயை மேலும் தீவிரமாக்குகிறது.

தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை ஆகியவையும் மனச்சோர்வின் அறிகுறிகளைத் தோற்றுவிக்கும். மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு உள்ளவர்களிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது. ஸ்டீராய்டு மருந்துகளாலும் ஏற்படலாம். மனநல மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதித் தருவது இதனால்தான்.

உதவி தேவைப்படுவோர், மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.