நிலைத்த திருகும் நிறைவுற்ற நோயாளியும்: பல் உள்வைப்பில் ‘வெற்றி’ என்னும் அளவுகோலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பல் உள்வைப்புச் சிகிச்சையின் வெற்றியை மருத்துவ உலகம் எவ்வாறு வரையறுத்து வந்தது என்பதும், அவ்வரையறைக்குள் நோயாளியின் அனுபவம் எப்போது இடம்பெற்றது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. புதுச்சேரியின் மருத்துவச் சூழலில் அவ்வரலாறு உணர்த்தும் தேவையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பல் உள்வைப்பு, டைட்டானியம், எலும்புப் பிணைப்பு, நோயாளி அனுபவம், புதுச்சேரி.

முன்னுரை

தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலிகள் பிறப்பதற்குரிய இடங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டினைக் கூறுகிறது. பல்லும் இதழும் இயைய வகரம் பிறக்கும் என்பதும் அந்நூலின் கருத்து. பல் உணவை அரைப்பதற்கு மட்டும் உரியதன்று, பேச்சுக்கும் உரியது என்னும் தெளிவு தமிழ் மரபில் பழமையானது. எனவே பல்லை இழந்தவரின் இழப்பை மெல்லும் ஆற்றலைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது.

அவ்விழப்பை ஈடுசெய்யும் இன்றைய சிகிச்சைகளுள் முதன்மையானது பல் உள்வைப்பு. மக்கள் இதனை ‘இம்பிளாண்ட்’ என்றே வழங்குகின்றனர். தாடை எலும்பினுள் டைட்டானியத் திருகைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்துவது இதன் முறை. ஐந்தாண்டு கடந்த பின்னும் நூற்றுக்கு ஏறத்தாழ 95 உள்வைப்புகள் நிலைத்திருப்பதாகத் தொகுப்பாய்வுகள் தெரிவிக்கின்றன. அவ்வெண் திருகை எண்ணியதா, அதனைத் தாங்கி வாழும் மனிதரின் நிறைவை எண்ணியதா என்பதே இங்கு எழும் வினா.

தொடக்க கால முயற்சிகள்

இழந்த பல்லின் குழியில் வேறொரு பொருளைப் பதிக்கும் எண்ணம் மிகப் பழமையானது. ஹோண்டுராஸ் நாட்டில் 1931இல் கிடைத்த, மாயர் காலத்ததாகக் கருதப்படும் கீழ்த்தாடை ஒன்றில் பல் வடிவில் செதுக்கப்பட்ட மூன்று சிப்பித் துண்டுகள் இருந்தன. 1970இல் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்தபோது அவற்றைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரியவந்தது. உயிருடன் இருந்தவருக்கே அவை பதிக்கப்பட்டன என்பதற்கு அது சான்றாயிற்று.

பல் மருத்துவத்தைத் தனித்துறையாக நிலைநிறுத்தியதில் பிரான்சுக்குப் பெரும்பங்கு உண்டு. பியர் ஃபொஷார் 1728இல் வெளியிட்ட நூல் அத்துறையின் அடித்தளமாகக் கருதப்படுகிறது. 1809இல் நான்சி நகரில் வெளியான தம் நூலில் மாஜியோலோ, பல் பிடுங்கிய குழியில் பொன்னாலான வேரைப் பதிக்கும் முறையை விவரித்தார். புதுச்சேரியின் மேலை மருத்துவக் கல்வியும் பிரெஞ்சு ஆட்சியிலேயே வேரூன்றியது. 1823இல் அங்குத் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே இன்றைய ஜிப்மர்.

பொன் முதலிய உலோகங்களைக் கொண்டு மேற்கொண்ட முயற்சிகள் நீடிக்கவில்லை. பெரும்பாலும் எலும்புக்கும் உலோகத்துக்கும் இடையே நார்த்திசு வளர்ந்தது, பதித்த வேர் ஆடத் தொடங்கியது, சீழ் பிடித்தது.

எலும்பில் பிணைந்த உலோகம்

இந்நிலையை மாற்றியவர் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க் (1929–2014). 1950களில் முயலின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தை ஆராய அவர் டைட்டானியக் கூடு ஒன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்து அதனை எடுக்க முயன்றபோது, எலும்பு உலோகத்துடன் பிரிக்க இயலாதவாறு பிணைந்திருந்தது. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளைப் பிரோனெமார்க் பதித்தார். பிறவியிலேயே தாடைக் குறைபாடு கொண்டிருந்த லார்சன், 2006இல் இறக்கும்வரை அவற்றைப் பயன்படுத்தினார்.

இப்பிணைப்புக்குப் பொறுமை தேவைப்பட்டது. திருகைப் பதித்த பின் ஈறால் மூடி, கீழ்த்தாடையாயின் மூன்று நான்கு மாதங்களும் மேல்தாடையாயின் ஐந்தாறு மாதங்களும் காத்திருந்த பின்னரே பல் பொருத்தப்பட்டது. 1981இல் அடெல் குழுவினர் வெளியிட்ட பதினைந்தாண்டு ஆய்வு, 371 நோயாளிகளுக்குப் பதிக்கப்பட்ட 2,768 உள்வைப்புகளைக் கணக்கிட்டது. மேல்தாடையில் 81 விழுக்காடும் கீழ்த்தாடையில் 91 விழுக்காடும் நிலைத்திருந்தன. 1982இல் டொராண்டோவில் நடைபெற்ற மாநாட்டின்வழி இம்முறை உலகெங்கும் ஏற்பைப் பெற்றது.

அளவுகோலின் மாற்றம்

வெற்றியின் வரையறை இக்காலத்தில் விரைந்து மாறியது. 1978இல் அமெரிக்காவில் கூடிய வல்லுநர் மாநாடு, ஐந்தாண்டுகளில் 75 விழுக்காடு உள்வைப்புகள் பயன்பட்டாலே போதும் எனக் கொண்டது. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான அசைவையும் அது ஏற்றது. 1986இல் ஆல்பிரெக்ட்சன் குழுவினர் அசைவே கூடாது என்றனர். முதலாண்டுக்குப் பின் எலும்புத் தேய்வு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருத்தல், நீடித்த வலியும் தொற்றும் உணர்விழப்பும் இல்லாதிருத்தல், ஐந்தாண்டில் 85 விழுக்காடும் பத்தாண்டில் 80 விழுக்காடும் வெற்றி பெறுதல் ஆகியவற்றை அவர்கள் வரையறுத்தனர்.

இவ்வரையறை கடுமையானதும் பயனுள்ளதும் ஆகும். எனினும் இதன் பெரும்பகுதி மருத்துவர் தம் கருவியாலும் எக்ஸ்-கதிர்ப் படத்தாலும் அறியக்கூடியது. வலி, உணர்விழப்பு என்னும் அளவிலேயே நோயாளி இதில் இடம்பெற்றார். 1989இல் ஸ்மித்தும் சார்பும், செயற்கைப் பல்லின் தோற்றம் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நிறைவளிப்பதாக அமைதல் வேண்டும் என்னும் விதியைச் சேர்த்தனர். நோயாளியின் நிறைவு ஓர் அளவாக ஏற்கப்பட்டதில் அது குறிப்பிடத்தக்க படியாகும்.

நோயாளியின் குரல்

1990இல் ஆட்சிசனும் டோலனும் முதியோரின் வாய்நலத்தை அறியப் பன்னிரண்டு வினாக்கள் கொண்ட வினாநிரலை அமைத்தனர். 1994இல் ஸ்லேடும் ஸ்பென்சரும் 49 வினாக்கள் கொண்ட மற்றொன்றை உருவாக்கினர். உண்ணுதல், பேசுதல், வலி, கூச்சம், பிறருடன் பழகுதல் ஆகியன அளவிடத்தக்கவை என்பதை இவை நிறுவின.

இத்தகைய சான்றுகள் சிகிச்சை முறையையே மாற்றின. கீழ்த்தாடைப் பல்செட்டு, எலும்பு தேயத் தேயப் பிடிப்பிழந்து நாவின் அசைவுக்கேற்ப நழுவும். 2002இல் மாண்ட்ரியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், கீழ்ப்பற்கள் முழுவதையும் இழந்தோருக்கு இரண்டு உள்வைப்புகள் தாங்கும் பல்செட்டே முதல் தேர்வாக அமைதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தனர். நோயாளிகள் தெரிவித்த நிறைவும் வாழ்க்கைத் தர முன்னேற்றமும் அப்பரிந்துரையின் முதன்மையான அடிப்படைகளாக இருந்தன.

மறுபுறமும் உண்டு. உள்வைப்பைச் சூழ்ந்த திசுவில் அழற்சி தோன்றி எலும்பு கரையலாம். புகைப்பழக்கமும் கட்டுப்படாத நீரிழிவும் முன்பே இருந்த ஈறுநோயும் அவ்வாய்ப்பை மிகுவிக்கும். உலோகத்துக்கு வலி தெரியாது. ஆகவே சிக்கல் முற்றிய பின்னரே பலர் மருத்துவரை நாடுவர். உறுதியாக நிற்கும் திருகு கணக்கேட்டில் நிலைத்ததாகவே பதிவாகும். நரம்பு பாதிக்கப்பட்டு மரத்துப்போன கீழுதடு அக்கணக்கில் வாராது.

உப்பளமும் வினாவின் மொழியும்

புதுச்சேரியின் தென்பகுதியிலுள்ள உப்பளம், தன் பெயரிலேயே உப்பின் நினைவைத் தாங்கிய பகுதி. உப்பும் கரியும் வேப்பங்குச்சியும் கொண்டு பல் துலக்கிய தலைமுறையினர், இன்று தம் முதுமையில் உள்வைப்பா பல்செட்டா என்று தேர்ந்தெடுக்க வேண்டியவராயுள்ளனர். இந்தியாவில் இச்சிகிச்சையைப் பெரும்பாலோர் சொந்தப் பணத்திலேயே பெறுகின்றனர். அவர்களுக்குச் சொல்லப்படும் வெற்றி விழுக்காட்டின் பொருளை அறிதல் அவர்களது உரிமை.

அதற்கு வினாக்களும் அவர்களுக்கு உரியனவாக அமைதல் வேண்டும். முன்னர்க் கூறிய பன்னிரு வினா நிரலின் மூல வடிவம், கடினமான இறைச்சியையோ ஆப்பிளையோ கடிப்பதில் தொல்லை உண்டா என வினவுகிறது. அதன் தமிழ் வடிவமும் ஆய்வாளரால் உருவாக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டுள்ளது. உப்பளத்து முதியவரிடம் முறுக்கு, கொய்யா, வறுத்த கடலை ஆகியவற்றைக் குறித்து வினவினால் விடை மேலும் துல்லியமாகும். வகரமும் தகரமும் தெளிவாக ஒலிக்கின்றனவா என்னும் வினாவும் சேர்க்கத் தக்கது.

முடிவுரை

1978 முதலான கால் நூற்றாண்டில், ‘வெற்றி’ என்னும் சொல் திருகின் அசைவிலிருந்து நோயாளியின் வாழ்வை நோக்கி நகர்ந்துள்ளது. எலும்புப் பிணைப்பை அளப்பது இன்றியமையாதது. ஆயினும் அது சிகிச்சை பயனளிப்பதற்கான முன்தேவையே. புதுச்சேரியின் பல் மருத்துவ நிறுவனங்கள் உள்வைப்புப் பெற்றோரை ஆண்டுதோறும் அழைத்து, எக்ஸ்-கதிர்ப் படத்துடன் அவர்தம் சொற்களையும் தமிழிலேயே பதிவுசெய்தல் வேண்டும். அத்தகைய பதிவேடு இருப்பின், அடுத்து வரும் நோயாளி எத்தனை திருகுகள் நிலைத்தன என்பதோடு, தம்மைப் போன்றவர்கள் எவ்வாறு உண்டனர், எவ்வாறு பேசினர் என்பதையும் அறிந்து முடிவெடுப்பார்.