ஒளித்துடிப்பால் நேரும் படிக மாற்றம்

மிகக் குறுகிய லேசர் துடிப்பு ஒரு குறைகடத்தியின் மேல் விழும்போது, அதன் அணுவரிசை குலைவதையோ வேறு வரிசைக்கு மாறுவதையோ இத்தொடர் குறிக்கும். சிலிக்கானிலும் இண்டியம் ஆன்டிமனைடிலும் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது.

படிகம் மாற வெப்பம் வேண்டும் என்பதே பழைய அனுபவம். கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வைப்போர் அதை அன்றாடம் காண்கிறார்கள். களிமண்ணிலுள்ள கேயோலினைட்டு 500 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் தன் கட்டமைப்புக்குள் பிணைந்திருந்த நீரை இழந்து ஒழுங்கு குலைகிறது. 1000 டிகிரிக்கு மேல் அதிலிருந்து முல்லைட்டுப் படிகங்கள் உருவாகின்றன. மண்ணில் கலந்த குவார்ட்சோ 573 டிகிரியில் ஆல்பா வடிவிலிருந்து பீட்டாவுக்கு மாறும். ஆறும்போது அதே புள்ளியில் பழைய வடிவுக்குத் திரும்பிச் சட்டெனச் சுருங்கும். அங்கே அவசரப்பட்டுச் சூளையை ஆற்றினால் பாண்டம் விரிசல் விடும்.

இதே 573 டிகிரி மாற்றத்தை சி.வி. ராமனும் நெடுங்காடியும் ஒளிச்சிதறலால் அளந்து 1940இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். குவார்ட்சின் அதிர்வுகளில் ஒன்று மட்டும், மாற்றப் புள்ளி நெருங்க நெருங்க, அதிர்வெண் குறைந்து தளர்ந்துகொண்டே போனது. பின்னர் வந்த மென்னதிர்வுக் கோட்பாட்டுக்கு இது முன்னோடி. இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டிய அளவீடு.

ராமன் ஒளியைக் கொண்டு மாற்றத்தைக் கண்டார். குறுந்துடிப்பு லேசரில் ஒளியே மாற்றத்தை உண்டாக்குகிறது. சிலிக்கான் அணு ஒவ்வொன்றையும் நான்கு அண்டை அணுக்களோடு கட்டி நிறுத்துபவை இணைதிறன் எலெக்ட்ரான்கள். துடிப்பு அவற்றைக் கடத்துப் பட்டைக்கு ஏற்றுகிறது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஏறிவிட்டாலே பிணைப்பு தாங்காது. எலெக்ட்ரான்களின் ஆற்றல் அணுக்களுக்கு வெப்பமாக இறங்க ஒரு பிகோ நொடி அளவில் நேரம் பிடிக்கும்; துடிப்போ 100 பெம்டோ நொடியில், அதாவது அதில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில், முடிந்துவிடும். ஆகவே அணுக்கள் சூடேறும் முன்பே வரிசை கலைகிறது. இதற்கு வெப்பமில்லா உருகல் என்று பெயர்.

1983இல் பெல் ஆய்வகத்தில் ஷாங்க் குழுவினர், சிலிக்கான் மேற்பரப்பின் படிக ஒழுங்கு ஒரு பிகோ நொடிக்குள் மறைவதைக் கண்டனர். 2005இல் ஸ்டான்போர்டு நேரியல் முடுக்கியில் எக்ஸ் கதிர்த் துடிப்புகளால் இண்டியம் ஆன்டிமனைடைப் பார்த்தபோது இன்னும் நுட்பமான காட்சி கிடைத்தது: கட்டவிழ்ந்த அணுக்கள் முதற்கணத்தில், கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போல, ஏற்கெனவே தமக்கிருந்த வேகத்திலேயே நகர்ந்தன.

துடிப்பு நானோ நொடி அளவுக்கு நீண்டால் வெப்பமே வேலை செய்யும். கண்ணாடித் தட்டின் மேல் படிந்த ஒழுங்கற்ற சிலிக்கான் படலத்தை 308 நானோமீட்டர் செனான் குளோரைடு லேசர் நொடிப்பொழுதில் உருக்கிப் பல்படிகமாக உறைய வைக்கிறது. அடியிலுள்ள கண்ணாடி கெடுவதில்லை. கைபேசித் திரைகளின் டிரான்சிஸ்டர்கள் பல இப்படிப்பட்ட படலத்தில் அமைந்தவை. மறுபதிவு டிவிடிகள் சிலவற்றில் ஜெர்மானியம், ஆன்டிமனி, டெலூரியம் சேர்ந்த கலவை உண்டு. வலுவான குறுந்துடிப்பு அதை உருக்கி ஒழுங்கற்ற புள்ளியாக உறைய விடும். வலுக் குறைந்த நீண்ட துடிப்பு மீண்டும் படிகமாக்கி அழித்துவிடும். இரு நிலைகளும் ஒளியை வெவ்வேறு அளவில் எதிரொளிப்பதால் பதிவைப் படிக்க முடிகிறது.