தாவிய ராஜா

பூம்பாறையில் பூண்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தாத்தாவோடு ஆடிய ஆட்டம். எனக்கு 13 வயசு. அவர் கேஸ்லிங் செய்யவேயில்லை. நடு வரிசையைத் திறந்து ராணி, யானை, குதிரை எல்லாவற்றையும் கொண்டுவந்து நிறுத்தினேன். வெறும் செக் வைத்து மூவை வீணடிக்கக் கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். இன்னும் ஒரு மூவ், அவ்வளவுதான்.

தாத்தா நிதானமாக ராஜாவைத் தூக்கி, குதிரை மாதிரி தாவி ஓரமாக வைத்தார்.

"ஏமாத்துறீங்க தாத்தா!"

"இன்னும் ஒரு செக்கூட வாங்கலையேப்பா, தாவலாம். நீ மட்டும் முன்னாடியே…"

முடிக்க விடவில்லை. காய்களைக் கலைத்துவிட்டு எழுந்துபோனேன். அதற்கப்புறம் நாங்கள் ஆடவேயில்லை.

ரொம்ப வருஷம் கழித்துத்தான் படித்தேன். பழைய இந்திய முறையில் கேஸ்லிங் கிடையாது. செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒருமுறை குதிரைபோலத் தாவலாம். (ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும்.) பஞ்சாபின் மீர் சுல்தான் கான் முதலில் பழகியது இந்திய முறையைத்தான். ஐரோப்பிய விதிகளைப் பிறகு கற்றுக்கொண்டு 1929, 1932, 1933 என மூன்றுமுறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். இங்கே மானுவேல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனபோதும் உள்ளூர் விதிகள் புழக்கத்தில் இருந்தன. சர்வதேச முறையை இங்கே பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

அந்த ராஜாவைக் கட்டிப்போட ஒரு வெறும் செக் போதும். அதற்கப்புறம் தாவும் உரிமை போய்விடும். தாத்தா சொல்ல வந்தது அதுதான்.